பதில் சொல்லாமல் வரத் தெரியாதவர்

அவர் கையில் சுத்தியல் இருக்கும்போது யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று அவருடைய கடை ஆட்கள் எச்சரிப்பார்கள். அடித்துவிடுவார் என்பதற்காக அல்ல. ஓங்கிய கை அப்படியே நின்றுவிடும். பதில் முடியும்வரை தார்ப்பாயில் அடுத்த பித்தளை வளையம் ஏறாது. லாரிக்காரர்கள் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நாமக்கல்லில் சேலம் ரோட்டின் மேல் அவருடைய கடை. லாரிக்குத் தார்ப்பாய் தைத்துத் தருவார். நான் கோழித் தீவன ஆலையில் தரப் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். திறந்த வெளியில் கிடக்கும் மக்காச்சோள மூட்டைகளுக்குத் தார்ப்பாய் வாங்கப் போய்ப் பழக்கமானவர். இருவருக்கும் ஒரே பள்ளிவாசல், ஒரே ஜமாஅத். அவருக்கு நான் தம்பி, எனக்கு அவர் அண்ணன். அப்பாவான என்னை அத்தா என்று கூப்பிடும் என் மகளுக்கு அவர் பெரியத்தா. ரத்த சொந்தம் கிடையாது.

ஒருமுறை நான் கடையில் இருந்தபோது எருமப்பட்டியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர் வந்திருந்தார். பழைய வாடிக்கையாளர். மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஏனுங்க பாய், அந்த நாட்டுல உங்காளுங்க ஆட்சியப் புடிச்சதும் நடுரோட்டுல நிக்க வெச்சுச் சவுக்கடி குடுக்கறாங்களாமா. பேப்பர்ல போட்டிருக்குது."

சுத்தியல் நின்றது.

"இதுல மூணு விசயம் இருக்குதுங்க," என்றார் அண்ணன்.

எப்போதும் மூன்றுதான். ஒன்று இருந்தாலும் மூன்று, ஏழு இருந்தாலும் மூன்று. முதல் விஷயத்தில் வெள்ளைக்காரன் வந்து போன கதை முடியவே கால்மணி நேரம் ஆனது. லாரிக்காரர் குடித்த டீ டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்துவிட்டார்.

"நாஞ் சும்மா கேட்டனுங்க பாய்."

"நீங்க சும்மா கேட்டீங்க. நானும் சும்மா உட்டுட்டா எப்படிங்க?"

"வானம் இருட்டிக்கிட்டு வருதுங்க. எனக்குத் தார்ப்பாய் வேணும்."

"இருங்க, ரண்டாவது விசயத்துக்கு வாரேன்."

லாரிக்காரர் கிளம்பிப் போன பிறகு நான் கேட்டேன். "அண்ணே, அந்தச் சவுக்கடி சரின்னு நீங்க நெனைக்கிறீங்களா?"

"ச்சே. காட்டுமிராண்டித்தனம் அது."

"அதையே அவருகிட்டச் சொல்லியிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்குமே."

"தம்பி, அவரு கேட்டது சவுக்கடியப் பத்தி இல்ல. 'உங்காளுங்க'ன்னாரு பாருங்க, அதப் பத்தி. பதில் சொல்லாம வந்தோம்னா அவரு சொன்னது பட்டாவாயிரும்."

இந்த வாக்கியத்தை அவர் வாயால் எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. பட்டாவாகிவிடும். விட்ட இடத்தை எவனோ வேலி போட்டுக்கொள்வான் என்ற பயம் அவருக்கு ஆயுள் முழுவதும் இருந்தது.

எனக்கு நேர் எதிரான பழக்கம். ஆலையில் இதே கேள்விகள் என்னிடமும் வரும். "நீங்க என்ன சொல்றீங்க பாய்?" என்பார்கள். நான் சிரித்துவிட்டு, சோளத்தில் ஈரப்பதம் பார்க்க வேண்டும் என்று பரிசோதனை அறைக்குள் போய்விடுவேன். இருபத்தைந்து வருடமாக நான் பார்க்காத ஈரப்பதம் இல்லை. உலகத்தில் எங்கோ யாரோ செய்யும் காரியத்துக்கு நாமக்கல்லில் தார்ப்பாய் தைக்கிறவர் ஏன் சமாதானம் சொல்ல வேண்டும் என்று எனக்குக் கோபம் வரும். சொல்லாமல் நழுவுகிற என் மேலும் அதே அளவு கோபம் வரும். இரண்டில் எது சரி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவர் ஒரு கட்சியில் இருந்தார். எங்கள் சமூகத்துக்கான கட்சி. தேர்தலுக்குத் தேர்தல் பெரிய கட்சிகளிடம் ஒன்றிரண்டு இடங்களைக் கேட்டு வாங்கி நிற்கிற சின்னக் கட்சி. மதத்தை அரசியலுக்குள் கொண்டுவருவது ஆபத்து, சாக்கடைக்கும் ரோட்டுக்கும் ஓட்டுப் போடுவோம், தொழுகையைப் பள்ளிவாசலில் வைத்துக்கொள்வோம் என்பது என் கட்சி.

"சாக்கடைக்கே போடுங்க," என்பார். "நம்ம தெருவுக்கு மட்டும் அந்தச் சாக்கடை ஏன் வரலன்னு கேக்க அங்க ஒராளு வேணும்ல. நாங்க கேக்குறது சீட்டுங்க. ஆட்சி இல்ல."

சீட்டு வேறு, ஆட்சி வேறு என்ற வேற்றுமையில் அவர் உறுதியாக இருந்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தேர்தலுக்கு முன் மூன்று இளைஞர்கள் எங்கள் பள்ளிவாசலுக்கு ஒரு துண்டறிக்கையோடு வந்தார்கள். சட்டம் இயற்றும் உரிமை இறைவனுக்கு மட்டுமே, ஆகவே ஓட்டுப் போடுவது மார்க்கத்துக்கு விரோதம் என்று அதில் இருந்தது. பிற்பகல் அசர் தொழுகை முடிந்து வெளியே வந்த அண்ணன், செருப்பை மாட்டிய காலோடு நின்றுவிட்டார்.

"ஏஞ் சாமி, வண்டி ஓட்டிக்கிட்டுத்தான வந்த? லைசென்ஸ் யாரு குடுத்தா?"

"அது நிர்ப்பந்தம்ங்க."

"ரேசன் கார்டு?"

"அதும் நிர்ப்பந்தம்தான்."

"உங்கக்கா இட ஒதுக்கீட்டுல நர்சிங் சீட்டு வாங்குச்சே. அது?"

அந்தப் பையன் துண்டறிக்கைக் கட்டை வேறு கைக்கு மாற்றினான்.

"அந்தச் சீட்டுக்காக நாங்க எத்தன தடவ மெட்ராசுக்கு ரயிலேறிப் போயி வெயில்ல உக்காந்தோம்னு தெரியுமா உனக்கு? சட்டம் பண்ற எடத்துல நம்மாளு ஒருத்தன் உக்காந்து வாயத் தொறந்ததால வந்தது அது. கதவச் சாத்திக்கிட்டு உக்காரச் சொல்ற. உங்கக்காவையும் கூட்டிக்கிட்டா?"

இன்னொருவன் பேச்சை மாற்றினான். "நீங்க ஒரு முஸ்லிம். எங்கள 'சாமி'ன்னு கூப்பிடறதே தப்புங்க."

"எங்கம்மா என்னைய அப்படித்தாங் கூப்டுச்சு. மையவாடியில மண்ணுக்குள்ள படுத்திருக்குது, போயி அதுகிட்டச் சொல்லு."

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்வரை விடவில்லை. எனக்கு அன்று அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. பத்து நாளைக்குக்கூட அது நிற்கவில்லை. சேலத்தில் உள்ளூர் கேபிள் டிவி ஒன்று உண்டு. முஸ்லிம் சம்பந்தமாக எது நடந்தாலும் அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அந்த வாரம் அங்கே எதிரில் இருந்தவர், நாமக்கல் பக்கம் தேர்தலே கூடாது என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள் என்றார்.

"இதுல மூணு விசயங்க," என்றார் அண்ணன். "முதல் விசயம், அப்படி ஒருத்தருமே எங்க ஊர்ல இல்ல."

மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அந்தத் துண்டறிக்கை அவருடைய மேஜை மேலேயே கிடந்தது.

"உள்ள பேசறது உள்ள, தம்பி. உள்ள நான் அவனுங்களக் கிழிப்பேன். வெளிய போனா அதுக நம்ம புள்ளைங்க. நம்ம புள்ளைங்களக் கொண்டுபோயி அவன் கையில குடுக்கச் சொல்றீங்களா?"

நானும் ஒரு பெண்ணைப் பெற்றவன். துண்டறிக்கையை மடித்து அவருடைய மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

என் மகள் அப்போது சேலத்தில் சட்டக் கல்லூரி கடைசி வருடம். அவள் வாதாடுவதை அவருக்குப் பிடிக்கும். "பாப்பா பேசுனா எதுத்தாப்புல வர்றவன் வண்டிய ரிவர்ஸ் எடுத்துருவான்" என்பார். அந்தத் தூரத்து நாட்டில் பெண் பிள்ளைகள் இனிக் கல்லூரிக்கு வர வேண்டாம் என்று அறிவித்த வாரம், கேபிள்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். ஆட்சியில் மதம் இருக்கலாமா என்பது தலைப்பு. அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"பாப்பாவையும் கூட்டிப் போலாம் தம்பி. பொம்பளப் புள்ள பக்கத்துல உக்காந்து பேசுனா நமக்குப் பலம்."

எனக்கு வேண்டாம் என்று இருந்தது. அவளுக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். ஆனால் அவளே துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடியில் அந்தப் படப்பிடிப்பு அறை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"தங்கச்சி," என்றார் தொகுப்பாளர், "உங்க மதத்தோட பேர்ல அங்க ஆட்சி நடக்குது. பொண்ணுங்க படிக்கக் கூடாதுங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"தப்புன்னு சொல்றேன். இதுல ரெண்டு பக்கமெல்லாம் இல்லைங்க."

இவ்வளவு சின்னப் பதிலைத் தொகுப்பாளர் எதிர்பார்க்கவில்லை. "அப்ப இங்க அப்படியெல்லாம் இல்லைங்கறீங்க?"

"இங்க நான் காலேஜுக்குப் போறேன். ஆனா எங்க ஜமாஅத் நிர்வாகத் தேர்தல்ல எனக்கு ஓட்டு இல்ல. எங்கம்மாவுக்கும் இல்ல. மதத்தோட பேர்ல ஆட்சி வந்தா எப்படியிருக்கும்னு கேக்குறீங்க. ஒரு பள்ளிவாசல நடத்தறதுக்கே எங்களக் கேக்காதவங்க, நாட்டக் குடுத்தா கேப்பாங்களா?"

அண்ணன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "இதுல மூணு விசயங்க. பாப்பா சின்னப்புள்ள, வெவரந் தெரியாது. எங்க ஜமாஅத்துல பொம்பளைங்களுக்கும் ஓட்டு உண்டு. அவங்க வர்றதில்ல, அவ்வளவுதான்."

நான் அங்கே நடந்த அத்தனை தேர்தலிலும் ஓட்டுப் போட்டவன். ஒரு பெண்ணின் பெயரைக்கூட அந்தப் பட்டியலில் பார்த்ததில்லை. மகள் அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மைக் அவள் பக்கம் மறுபடி வரவில்லை.

திரும்பும்போது காரில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ராசிபுரம் தாண்டியதும் பின்னால் திரும்பினார்.

"உள்ள பேசறத உள்ள பேசணும் பாப்பா," என்றார் கடைசியில்.

"உள்ள எனக்கு உக்கார எடமே இல்லையே பெரியத்தா. எங்க போயிப் பேசறது?"

"இதுல மூணு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

ஒளிபரப்பான மறுநாளே அது எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. மகள் பேசியதை இரண்டு துண்டாக வெட்டினார்கள். 'தப்புன்னு சொல்றேன்' என்ற துண்டு, எங்களைப் பிடிக்காதவர்களின் குழுக்களில், அவங்க வீட்டுப் பொண்ணே ஒத்துக்கொண்டது என்ற தலைப்போடு சுற்றியது. ஓட்டு இல்லை என்ற துண்டு எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவுக்குள் சுற்றியது. முதல் கூட்டம் அவளைப் புகழ்ந்த விதமும் இரண்டாவது கூட்டம் ஏசிய விதமும் ஒன்றுபோலவே எனக்கு அருவருப்பாக இருந்தது. இரண்டு வாரம் ஆலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அவளோடு பஸ்ஸில் போய்க் கல்லூரி வாசலில் விட்டேன். மாலைவரை எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். "நீங்க காலேஜ் முடிச்சே இருபத்தஞ்சு வருசம் ஆச்சுத்தா," என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களில் நிக்காஹ் வேறு ஊர்ச் சம்பந்தம் என்றால், பெண்ணின் ஜமாஅத்திலிருந்து மாப்பிள்ளையின் ஜமாஅத்துக்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம் போக வேண்டும். அது போகாவிட்டால் அங்கே பதிவேட்டைத் திறக்க மாட்டார்கள். கடிதத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். "பொதுக்குழு முடியட்டும், பாத்துக்கலாம்," என்றார்கள் நிர்வாகிகள். ஆத்தூரிலிருந்து தினம் ஒரு போன். கடிதம் வந்ததா என்று கேட்பார்கள். வந்துவிடும் என்பேன்.

இதற்கிடையில் அண்ணனின் பதில் அவருடைய கடைக்கே நடந்து வந்தது. எங்கள் மஹல்லாவில் முட்டைக் கிடங்கில் அட்டையில் முட்டை அடுக்கும் ஒரு பெண் இருந்தார். கணவர் இறந்த பிறகு வருடந்தோறும் தன் பெயரிலேயே ஜமாஅத் சந்தா கட்டி வருகிறவர். இன்னும் மூன்று பெண்களோடு வந்து போனை எடுத்து, அவர் பேசிய துண்டை அவருக்கே போட்டுக் காட்டினார்.

"ஏனுங்கண்ணா, எங்களுக்கு ஓட்டு உண்டுன்னு சொல்லியிருக்கறீங்க. நாங்கதான் வர்றதில்லைன்னும் சொல்லியிருக்கறீங்க. எப்ப வரட்டுங்க?"

சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது என்று கடை ஆட்கள் சொன்னார்கள். கீழே வைத்துவிட்டாராம்.

'வாய் தவறிச் சொல்லிவிட்டேன்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அல்லது 'பாப்பா சொன்னதுதான் நிஜம்' என்றிருக்கலாம். எந்த மனிதனும் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பான். அவர் செய்தது வேறு. அடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு நடந்த பொதுக்குழுவில், ஜமாஅத்தின் பழைய விதிமுறைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"பொம்பளைங்களுக்கு ஓட்டு உண்டுன்னு டிவில சொன்னீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"சொன்னேன்."

"எந்த விதிப்படி?"

"இன்னிக்கு மூணு விசயமெல்லாம் இல்லைங்க. ஒரே விசயந்தான். சந்தா கட்டற மஹல்லாவாசி ஒவ்வொருத்தரும் உறுப்பினர்னு இதுல எழுதியிருக்குது. ஆம்பளைன்னு எங்கயும் எழுதல. எழுதியிருந்தாக் காட்டுங்க, உக்காந்துக்கறேன்."

யாராலும் காட்ட முடியவில்லை. "விதியில இருந்தா என்ன, வழக்கத்துல இல்லையே," என்றார்கள். "டிவிக்காரன் முன்னாடி சொல்லிட்டு இங்க வந்து சட்டம் பேசறீரா," என்றார்கள். "அந்தப் புள்ளைய அங்க கூட்டிப் போனதே இவர்தான்," என்றார் ஒருவர். சத்தம் அடங்கவில்லை. கடைசியில் தலைவர், பெண்களைப் பட்டியலில் சேர்க்கச் சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்.

நூறு பேருக்குக் குறையாமல் இருந்தோம். அண்ணன் நின்றபடி எண்ணினார், ஒவ்வொரு வரிசையாக, விரலை நீட்டி. என் வரிசைக்கு வந்ததும் விரல் ஒரு கணம் நின்றது. நான் கடிதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆத்தூர்ப் போனை நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் நகர்ந்து போனது.

தீர்மானம் தோற்றது. பத்து நாளில் கடிதம் வந்தது. கல்யாணமும் நடந்தது. ஜமாஅத் நிர்வாகக் குழுவில் இருந்த அவரை அதிலிருந்து நீக்கினார்கள். அவர் வருடா வருடம் அதே மனுவை எழுதிக் கொடுத்தார், அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு இன்னும் ஓட்டு வரவில்லை. ஊரே பார்த்திருக்க, என் மகளை வெவரந் தெரியாதவள் என்று சொன்னாரே, அது தவறு என்று ஒரு வார்த்தை அவர் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். "வக்கீல் புள்ளைங்க, பாத்து நடந்துக்கங்க," என்று சம்பந்தியைக் கலாய்த்தார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. தான் சொன்ன பொய்யை வாபஸ் வாங்குவதைவிட, ஊரை மாற்றி அதை உண்மையாக்குவது அவருக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது. இப்படியும் ஒரு மனிதன் பிடிவாதம் பிடிக்க முடியுமா என்று இப்போதும் ஆத்திரம் வருகிறது. போன ரமலானுக்கு முன் இறந்துபோனார். எங்கள் மையவாடியில், அவருடைய அம்மாவுக்கு இரண்டு கபுர் தள்ளி இடம் கிடைத்தது.

போன மாதம் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சேலத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் இப்போது ஜூனியர். டிவியில் வேறொரு நாட்டுச் செய்தி, அதே மாதிரிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"பெரியத்தா இருந்தா இதுக்கு மூணு விசயம் சொல்லியிருப்பாரு," என்றாள்.

"உன்னைய அன்னிக்கு மட்டந்தட்டிப் பேசுனதுக்கு ஒரு வருத்தங்கூடச் சொல்லாமயே போயிட்டாரு."

"அவரு மேல எனக்குக் கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சுத்தா." டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். "கல்யாணத்துக்கு மொத நாள் மண்டபத்துக்கு வந்தாருல்ல. பொதுக்குழுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். 'பன்னெண்டு கை பாப்பா, மொதக் கை உங்கத்தாவோடது'ன்னாரு. கடுதாசிக்குப் பயந்து நீங்க சும்மா உக்காந்திருப்பீங்கன்னுதான் நான் நெனச்சிருந்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு அழுகையே வந்துருச்சு."

எண்ணியவர் அவர். அவருக்கா கணக்குத் தெரியாது? வெளியாரிடம் பொய் சொல்லி எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றியவர், என் பிள்ளையிடம் ஒரு பொய் சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அப்படிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. அவர் என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். "வானம் இருட்டிக்கிட்டு வருது. சோள மூட்டைக்குத் தார்ப்பாய் போட்டாங்களான்னு ஆலைக்குப் போன் பண்ணணும்," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன்.

ஒரு மாதமாகிறது. இன்னும் பதில் சொல்லவில்லை. இப்படியே விட்டால் அது பட்டாவாகிவிடும். அதற்குள் எழுதிவிடுகிறேன். அன்று தூக்கிய கைகள் பதினொன்று. என் இரண்டு கைகளும் முழங்கால்மேல் இருந்தன.